இரண்டு கிலோ உருளைக்கிழங்கு

வீடு மாறுகிறவர்கள்
என் லாரியில் ஏறி உட்கார்ந்ததும்
ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்:
"நல்ல ஏரியா எது, எலியேசர்?"

பெட்டி கட்டி, கயிறு இறுக்கி,
முன்பணமும் கொடுத்த பிறகு.
கல்யாணம் முடிந்த மறுநாள்
மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பதுபோல.

வால்பரைசோவில் நாற்பத்துச் சொச்சம் குன்றுகள்.
எனக்கு அவை படிகள், அவ்வளவுதான்.
குளிர்பெட்டி சுமந்து ஏறிய குன்று எதையும்
முதுகு மறப்பதில்லை.
அங்கே நூற்றுப் பன்னிரண்டு, இங்கே அறுபத்து நான்கு,
ஓரிடத்தில் எண்ணிக்கையை விட்டேன், மூச்சு போதவில்லை.

கீழே, கடலோரக் கம்பத்தில் நீலப் பலகை:
அலை வந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று
ஒரு மனிதன் ஓடிக்கொண்டே இருக்கிறான்.
மேலே யூகலிப்டஸ் காடு
பிப்ரவரிக் காற்றில் ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது.
தண்ணீருக்கு மேலே, நெருப்புக்குக் கீழே,
சம்பளத்துக்கு உள்ளே.
மூன்றும் சந்திக்கிற இடத்தில்
பெரும்பாலும் வீடு காலியில்லை.

யாஸ்னா வேறு மாதிரி.
துறைமுகத்தில் கண்டெய்னர்களுக்கு எண் குறிக்கும் வேலை,
இரவுப் பணி. ஆறு வயதில் மகன், அவனுக்கு இழுப்பு.
முதலில் அவள் எந்த வீட்டுக்குள்ளும் நுழையவே இல்லை.
ஒரு செவ்வாய் மதியம் போனாள், பள்ளி விடும் நேரம்.
ஒரு மழைநாளில், படிகள் ஓடையாகின்றனவா என்று பார்க்க.
ஒரு ஞாயிறு நள்ளிரவு,
நாய்கள் எத்தனை, யார் பேச்சைக் கேட்கும் என்று பார்க்க.
ஒரு வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து கடலைக் காட்டினார்.
"கடல் வேண்டாமென்றால் வாடகையில்
எவ்வளவு குறைப்பீர்கள்?" என்றாளாம்.

கடைசிச் சோதனையை
வளைவில் கியர் மாற்றும்போது சொன்னாள்.
சந்தையில் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு.
பையின் அடியில் கட்டைவிரலால் ஒரு கிழிசல்.
பொழுது சாயும் நேரம், படிகளின் நடுவில்,
தற்செயல்போலக் கொட்டிவிடுவது.

முதல் குன்றில்
(பெயர் சொல்லமாட்டேன், வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள்)
இரண்டு திரைச்சீலைகள் அசைந்தன.
கிழங்குகள் தம்பாட்டுக்கு உருண்டு
திருப்பத்துச் சுவரில் போய் நின்றன.

அடுத்ததில் ஒருவர் வெளியே வந்தார்,
கை கட்டி நின்றார்,
இப்போதெல்லாம் பைகளின் தரம் சரியில்லை என்றார்.
உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது மரிப்போசாஸ்.
"கிழங்கு! கிழங்கு!" மாடியிலிருந்து ஒரு கூச்சல்.
ஒரு பையன் இரண்டு காலாலும் அணை கட்டினான்.
தலை நிறைய சுருட்டைக் குழல்களோடு ஒரு பெண்
ஏப்ரனை விரித்து ஓடிவந்தாள்.
எல்லாம் பொறுக்கி எண்ணியபோது இரண்டு குறைந்தது.
பையனின் சட்டைப்பை புடைத்திருந்தது.

"அது போதும் எனக்கு," என்றாள் யாஸ்னா.
"திருடுகிறவன்கூட வெளியே வருகிற தெரு."

அன்று எண்பத்தேழு படி, குளிர்பெட்டியோடு.
பாதியில் யாரோ கேட்காமலே மறுமுனையைப் பிடித்தார்கள்.
முகம் தெரியவில்லை. மூச்சில் வெங்காய வாடை.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தத் தொல்லை.
பத்தொன்பது வருடமாக ஒரே தெருவில் இருக்கிறேன்.
குப்பைவண்டி வரும் நேரம் தெரியும்.
எதிர்வீட்டு மஞ்சள் கார் எத்தனை இருமலில்
கிளம்பும் என்று தெரியும்.
ஊரையே தூக்கி இடம் மாற்றுகிற நான்
என் இடத்தைத் தேர்ந்ததே இல்லை;
அண்ணன் பாதியில் விட்டுப்போன ஒப்பந்தம் அது.

நேற்று சந்தையிலிருந்து திரும்பும்போது
படி நடுவில் நின்றேன்.
விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.
யார் வீட்டிலோ மீன் பொரியும் சத்தம்.
கட்டைவிரல் தானாகப் பையின் அடியைத் தேடியது.
மெல்லிய காகிதம்.
கீழே நல்ல சரிவு.
கொட்டினால் துறைமுகம் வரை போகும்.

இரண்டு கையாலும் பையை அணைத்துக்கொண்டு
வீடு வந்து, கதவைச் சாத்தி,
மேஜைமேல் எண்ணினேன்.

பதினாறு.
ஒன்றும் குறையவில்லை.