ரகசியக் கேள்வி

மார்ச் முப்பத்தொன்றுக்குள் முந்நூறு பேர்
என்றது வட்டார அலுவலகம்.
கம்பம் கிளையில் நாங்கள் நாலு பேர்,
ஒரே ஏ.சி., அதுவும் மேலாளர் அறையில்.

விடிய நாலரைக்கு ஜீப்புகள் மலையேறும்,
வண்டன்மேட்டில் ஏலக்காய் எடுக்கிற பெண்களோடு.
வண்டிக்குப் பதினெட்டுப் பேர்
முழங்கால்மேல் முழங்கால் வைத்து,
தூக்குவாளி மடியில்.
கம்பம்மெட்டு சோதனைச்சாவடி தாண்டியதும்
யாரோ ஒருத்தியின் கைப்பேசிக்கு
மலையாளத்தில் ஒரு வரவேற்பு வரும்.
மற்றவர்களிடம் கைப்பேசி இல்லை.

இது எனக்கு அப்போதே தெரியும்.

கூலி இனிமேல் கணக்கில்தான் என்று
எஸ்டேட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.
நான் சாயங்காலம் ஜீப் நிற்கிற டீக்கடையில்
மடக்கு மேசை போட்டு உட்கார்ந்தேன்.
ஏலச்சாறு கறுத்த கட்டைவிரல்கள்
மைப்பெட்டி இல்லாமலே பதியும்போல இருந்தன.
இணையவழி வங்கிச் சேவை வேண்டுமா?
ஆம், ஆம், ஆம் என்று நானே டிக் அடித்தேன்.
"நம்பர் என்னதப் போட்டுக்கங்க மேடம்,
இவுகளுக்கு மெசேஜ் வாசிக்கத் தெரியாது"
என்று டீ வாங்கித் தந்தார் டிரைவர் பவுன்ராஜ்.
இருட்டிக்கொண்டு வந்தது.
போட்டேன்.

இருநூற்றுத் தொண்ணூற்றாறு.
வாட்ஸ்அப் குழுவில் எனக்குக் கைதட்டல் பொம்மைகள்,
மஞ்சள் மஞ்சளாய், எண்ண முடியாமல்.

வீருசின்னம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள்,
ஒருநாள் கூலியை விட்டுவிட்டு.
"காசு வந்திச்சா போயிருச்சான்னு மட்டும் பாரு."
வந்திருந்தது. போயுமிருந்தது.
சனிக்கிழமைதோறும் ராத்திரி ஒன்பதேகாலுக்கு
வண்டி வாடகை, பழைய அட்வான்ஸ், அதன் வட்டி.
ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் சரி,
ஓடிபி சரி, எல்லாம் சரி.
4417 என்று முடிகிற அந்த எண்ணை
தேடல் கட்டத்தில் அடித்தேன்.
நாற்பத்தொரு பெயர்கள் வந்தன.
ஒவ்வொன்றின் கீழும்
"சரிபார்த்தவர்" என்ற இடத்தில் என் பணியாளர் எண்.

அவள் சுருக்குப்பையிலிருந்து
திரை கீறிய பழைய ஃபோன் ஒன்றை எடுத்தாள்.
சிம் புதுசு. நம்பர் மனப்பாடம்.
"இதுக்கு மாத்து."

புது எண், புது அடையாளம், கடைசியில்
கணினி ரகசியக் கேள்வி கேட்டது:
நீங்கள் படித்த முதல் பள்ளியின் பெயர் என்ன?
வாசித்துக் காட்டினேன்.
"போகலையே" என்றாள்.
வேறு கேள்வி இருக்கிறது,
வளர்த்த நாயின் பேர், பிடித்த நடிகர்...
"எதுக்கு? அதையே போடு.
எவன் கேட்டாலும் எனக்கு மறக்காது."
பெட்டிக்குள் தமிழ் ஏறவில்லை.
ஆங்கில எழுத்தில் அவளுடைய போகலையை
ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது.

கடவுச்சொல்லை அவளே அடிக்க வேண்டும்.
எண்களும் குறிகளும் தெரியும் என்றாள்,
ஏலக்காய் மூட்டையில் எழுதுவதை
பதினாறு வருஷமாய்ப் பார்க்கிறாளாம்.
ஒரு விரலை நீட்டி, நிறுத்தி,
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
"நீயும் திரும்பிக்க."

திரும்பிக்கொண்டேன்.
சுவரில் எங்கள் வங்கிக் காலண்டர்,
மடிக்கணினியோடு சிரிக்கும் ஒரு விவசாயி.
முதுகுக்குப் பின்னால் எட்டு முறை
டிக், டிக் என்று கேட்டது,
நடுவில் ஒரு நீண்ட யோசனை.

அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.
அவள் முன்பே எண்ணப்பட்டவள்,
மறுபடி எண்ணக் கூடாது.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு
பவுன்ராஜ் கூப்பிட்டார்.
"மேடம், ஒரு ஆளுக்கு மட்டும்
ஓடிபி வரமாட்டேங்குது."

பத்து வருஷமாய் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற பதில்,
அன்றைக்குத்தான் முதன்முதலாய் ருசித்துச் சொன்னேன்:
நெட்வொர்க் பிரச்சினை சார்,
மலைப்பக்கம் அப்படித்தான்.
இன்னும் நாற்பது பேருக்கு
வராமல் போகலாம்.