சுரண்டிய இடம்

பேனாவுக்கு அனுமதி இல்லை. பென்சில் மட்டும்.
பையை வாசலில் பூட்டிவைத்து
கை கழுவி உட்கார்ந்தேன்.
பச்சைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல்
பஞ்சுத் தலையணைமேல் கிடத்தினார்கள்
லான்கெதின் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தை.
ஓரங்களில் எலி கடித்த பிறைகள்.
பக்கம் புரளாதிருக்க
ஈயக்குண்டு கோத்த கயிறு ஒன்று.
பாம்பு என்கிறார்கள் அதை.

ஒருத்தியைத் தேடி வந்தேன்.
மோர்வித். அம்மா வழியில் எனக்கு ஏழாவது படி.
அவள் தகப்பன் கப்பலோடு மூழ்கிய மாலுமி என்பது
எங்கள் வீட்டுக் கதை.
கிறிஸ்துமஸ் தோறும் அலை ஒரு முழம் உயரும்.

ஊர் முழுக்க நாலே பெயர்கள்.
ஜானுக்கு மகன் ஈவான், ஈவானுக்கு மகன் ஜான்,
ஒரே கிணற்றின் இரண்டு வாளிகளாக
ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.
அப்பன் பெயரே ஆளுக்கு முகவரி.
ஹியூவின் மகனை ஆப் ஹியூ, ஆப் ஹியூ என்று
அவசரத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டு
பியூ ஆக்கிவிட்டார்கள்.
பெண்களைக் கூப்பிட அத்தனை அவசரமில்லை போலும்.
சாகும்வரை இன்னார் மகள்தான்.

அடுப்படியில் பேசியது வெல்ஷ்.
உதவிப் பாதிரி எழுதியது ஆங்கிலம்.
வீறிட்ட குழந்தைகள் எல்லாம்
மொழி மாறி
வரிசையில் ஒழுங்காகப் படுத்திருந்தன.

மூன்றாம் நாள் மாலை அகப்பட்டாள்.
1794, பிப்ரவரி 16.
மோர்வித். ஈவான் மகள் லோரி
முறைதவறிப் பெற்ற பெண். தகப்பன்,
அப்புறம் ஒன்றுமில்லை.

எழுதாமல் விட்ட ஒன்றுமில்லை அல்ல.
விளக்கைச் சாய்த்தேன்.
அந்த இடத்தில் மட்டும் தோல் மெலிந்து
வெங்காயச் சருகாக வெளிச்சம் விட்டது.
கத்தி.
நிதானமாக, நுனியால்.

முப்பத்தொரு வருஷம்
ஆட்டுச்சந்தையில் கணக்கெழுதியவள் நான்.
அழித்த கணக்கைக் கண்டால் எனக்குப் பசிக்கும்.
கேட்டேன்: இதற்கு நகல் உண்டா?

உண்டாம்.
ஈஸ்டர் கழிந்ததும் வருஷா வருஷம்
பிஷப்புக்கு ஒரு படி போகுமாம்.
மைக்ரோபிலிம் கைப்பிடியைச் சுற்றினேன்,
பட்டி திறந்த ஆடுகளாக
முட்டி மோதி ஓடின வருஷங்கள்.
நிறுத்தினேன். அதே பிப்ரவரி. அதே மோர்வித்.
தகப்பன்: ரிசியார்ட் பியூ.

கத்தி உறையை விட்டு வருமுன்
தாள் குதிரையேறிப் போயிருக்கிறது.

அதே தாளின் அடியில்
சரிபார்த்த கோயில் காரியஸ்தரின் கையெழுத்து.
ரிசியார்ட் பியூ.
தன் பெயர் போட மட்டும் தெரிந்தவரா,
முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டாரா?
அந்தக் கடைசி எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது.
இயந்திரம் பழசு, அதுவும் நடுங்கும்.

தம்பிக்குப் போன் செய்தேன்.
"மாலுமி?" என்றான்.
கடலைப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம் என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
மூழ்கிய ஆளுக்காக
இத்தனை வருஷம் குடித்திருக்கிறோமே என்றான்.

அன்றிரவு விடுதியில் வம்சப்பட்டியலை விரித்து
காலியாயிருந்த கட்டத்தில் எழுதினேன்,
பேனாவால்.

காலையில் லான்கெதினில் தூறல்.
பியூவுக்கு மேசை அகலத்தில் ஸ்லேட் பலகை.
வசனம், கொடி வேலை, 'நேர்மையாளர்' என்று ஒரு சொல்.
லோரிக்குக் கல் இல்லை.
யூ மரத்துக்கு வடக்கே, காஞ்சொறி மண்டிய பக்கம்
இருக்கலாம் என்றார் புல் வெட்டுகிறவர்.
இருக்கலாம்.

பியூவின் மேல் உட்கார்ந்து
முட்டை சாண்ட்விச் தின்றேன்.
பேத்திக்கு அந்த உரிமை உண்டு.
கல்லின் குளிர் பாவாடை தாண்டி ஏறியது.
எழுந்தபோது துணுக்குகளைத் தட்டிவிடவில்லை.
காரைத் திருப்புகையில் கண்ணாடியில் பார்த்தேன்,
சாம்பல் கழுத்துக் காக்கை ஒன்று
அவர் பெயரின் பள்ளங்களில்
எழுத்து எழுத்தாகக் கொத்திக்கொண்டிருந்தது.