எத்தனை முறை

படிவத்தின் ஆறாவது கேள்வி:
இதுவரை எத்தனை முறை கடித்திருக்கிறது?

மூன்று என்று எழுதிவிட்டுப்
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
ஆர்ப்ரோத் துறைமுகத்தில் காலையிலிருந்து தூறல்.
மேசைக்கடியில்
என் இடது செருப்பின்மேல் தாடையை வைத்துத்
தூங்குகிறாள் நூக்கா.

ருமேனியாவிலிருந்து மூன்று நாள் வேனில் வந்தவள்.
கூடவே வந்த காகிதத்தில்
‘குழந்தைகளோடு நன்றாகப் பழகும்’ என்றிருந்தது.
எந்தக் குழந்தையைப் பார்த்து எழுதினார்களோ.
காதில் மஞ்சள் வில்லை,
பின்னங்காலில் கம்பி அறுத்த பழைய கோடு.
முதல் வாரம் முழுக்கக் குளியலறை மூலையில்தான் இருந்தாள்.
நான் தரையில் படுத்துக்
கோழித் துண்டுகளைத் தள்ளித் தள்ளி விட்டேன்.

முதலாவது, தபால்காரரின் சட்டைக்கை. துணி மட்டும்தான்.
இரண்டாவது, கேலம். ஷூ கயிறு கட்டக் குனிந்தபோது, மணிக்கட்டில்.
மூன்றாவது என் தங்கை மகன் ஃபின்லே,
ஆறு வயது,
கன்னத்தில் நான்கு தையல்.
“நான் அவ சாப்பாட்டைத் தொடவே இல்ல பெரியம்மா”
ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் இதையே சொன்னான்,
யாரும் கேட்காமலே.

கேலம் சொல்கிறான்: ஊசி.
சொல்லும்போது கழுவிய கோப்பையையே
மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.
அனுப்பிய காப்பகம்: இடமில்லை.
பயிற்சி தருபவர்: வாய்க்கூடு, இரட்டைக் கதவு, ஒரு வருடம், ஒருவேளை.
மணிக்கு அறுபது பவுண்டு, அந்த ஒருவேளைக்கு.
தங்கை இப்போது போன் எடுப்பதில்லை.

குழந்தையே இல்லாத ஒரு வீடு இருக்கும்,
மலைப்பக்கம், உயரமான வேலியோடு.
அதை இரவெல்லாம் கட்டுகிறேன்.
விடிவதற்குள்
யாருடைய பேரக்குழந்தையோ வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

நவம்பரில் ஒரு நாள்
மழையில் நனைந்தவளைத் துண்டால் துடைத்தேன்.
அந்தப் பழைய கோட்டில் கை பட்டிருக்க வேண்டும்.
முழங்கைக்கு மேலே இரண்டு துளை.
நானே கழுவிக் கட்டிக்கொண்டேன்.
ஹீட்டர் தகித்த இரவுகளிலும் கம்பளிச்சட்டையைக் கழற்றவில்லை,
கேலம் பக்கத்தில் படுத்திருந்தபோதும்.
அன்றைக்கே சொல்லியிருந்தால்
ஃபின்லேயை அந்த அறைக்குள் விட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றை அடித்துவிட்டு
நான்கு என்று எழுதுகிறேன்.

ஏழாவது கேள்வி: முடிவெடுப்பவர் பெயர்.
‘நாங்கள்’ என்று எழுத இடம் விடவில்லை.
எல்ஸ்பெத் கெடெஸ்.
வியாழக்கிழமை, நான்கு இருபதுக்கு.

பேனா மூடும் சத்தத்தில்
மஞ்சள் வில்லை இருக்கும் காது மட்டும் நிமிர்ந்து
மறுபடி சாய்கிறது.
கால் மரத்துப்போய்விட்டது.
இருக்கட்டும்.