கால்சட்டைப் பை

துவைக்குமுன் பையைக் கவிழ்க்கிறாள் ஹெர்மினியா:
சாவி, மூன்று கோர்தோபா, கரும்புச் சாம்பல்,
பிரிக்காத ஓர் உப்புச்சர்க்கரைப் பொட்டலம்.

சிறுநீரகமும் அழுக்கைத் தேடிப் பிடிப்பதில்லை.
எல்லாவற்றையும் முதலில் கொட்டிவிடுகிறது,
பிறகு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்கிறது.
நாளுக்கு நூற்றெண்பது லிட்டர்.
ஒரு கைப்பிடிக்குள் பத்து லட்சம் நுண்குழல்,
ஒவ்வொன்றின் வாயிலும் நூல்கண்டாய் ரத்தநாளச் சுருள்.
குழல் இறங்கி, வளைந்து, ஏறி முடிவதற்குள்
சர்க்கரை முழுதும் வீடு திரும்பும்,
உப்பு ஏறக்குறைய,
நீரும்.
போவது ஒன்றரை லிட்டர்தான்.

வலப்பக்கத்தது சற்றே கீழிறங்கி இருக்கும்,
ஈரலுக்கு இடம் விட்டு.
எவாரிஸ்தோ படுப்பதும் அப்படித்தான்,
கட்டில் விளிம்பில்.

வலியே இல்லை என்கிறான்.
சிச்சிகல்பா மருத்துவமனைத் தாளில்
கிரியேட்டினின் ஆறு.
வயது முப்பத்திரண்டு.
டன் கணக்கில் கூலி;
தண்ணீர் குடிக்க நிமிர்ந்தால்
பக்கத்து வரிசைக்காரன் பத்தடி முன்னே போயிருப்பான்.
வெயில் யாருக்காகவும் நிமிர்வதில்லை,
குனிந்தபடியே வெட்டுகிறது.

துணி காய்ந்துவிட்டது.
சாம்பலை விட்டுவிட்டு மற்றதைத் திரும்பப் போடுகிறாள்:
சாவி, காசு,
எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பொட்டலம்,
கைவிட்டதும் தட்டுப்படும்படி.