பரவால்லீங்

செக்கிங் மேசையில் எனக்குக் கொடுத்திருப்பது
ஒரு டேப்பு, ஒரு கத்தரி, சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒரு சுருள்.
நெஞ்சகலம் முப்பத்தெட்டு என்று தாளில் இருந்தால்
முப்பத்தேழு வரை விடலாம், முப்பத்தொன்பது வரை விடலாம்.
அதற்குக் கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் பேர் டாலரன்ஸ்.
பெருமாநல்லூர் ரோட்டில் எங்கள் ஷெட்டுக்குள்
அதன் பேர் பரவால்லை.

"துளசிமணி, இது எப்படி?"
"பரவால்லீங்."
பீஸ் பெட்டிக்குள் போய்விடும், பெட்டி தூத்துக்குடிக்கு.
எந்த ஊர்க் குழந்தையோ
நான் விட்டுக்கொடுத்த அரை சென்டிமீட்டரைப் போட்டுக்கொண்டு
பள்ளிக்கூடம் போகும்.

இந்த ஒரு சொல்லை எல்லா சைசிலும் தைக்கலாம்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்
காரில் ஏறும்போது சொன்னது: பொண்ணு பரவால்ல.
அந்த 'ல்ல' கொஞ்சம் இழுத்தது.
மூன்று மாசம் கழித்துத்தான் சரியென்று சொல்லியனுப்பினார்கள்.
சம்பளம் பாதிதான் வந்திருக்கு, மீதி அடுத்த வாரம் என்றால்
எட்டுப் பேர் எட்டு விதமாய்ச் சொல்வோம்;
நாட்ராயன் அண்ணன் சொன்னால் மட்டும் திட்டியதுபோல் இருக்கும்.
நொய்யல் பாலத்தில் பஸ் நிற்கையில்
யாராவது எட்டிப் பார்த்துச் சொல்வார்கள்,
இன்னைக்குத் தண்ணி பரவால்ல.
என்ன நிறம் என்று மற்றவர்கள் கேட்பதில்லை.

லக்கன் மாஞ்சி வந்து நாலு மாசம்.
ஓவர்லாக்கில் உட்கார்ந்தால் தலை நிமிராத பையன்.
தமிழில் அவன் முதலில் பிடித்துக்கொண்டது இதைத்தான்.
ஒரு நாள் டீ டைமில் விரல் மடக்கிக் கணக்குச் சொன்னான்:
"பர்வா எங்க ஊரு அக்கா. கவலை.
இல்லை உங்க ஊரு."
ரெண்டு துணியைச் சேர்த்தடித்த தையல்.
அத்தனை வருசமும் நான் அதை
உள்பக்கம் திருப்பிப் பார்த்ததேயில்லை.

'ங்' கூடச் சேர்த்துக்கொண்டான்.
சாப்பாட்டில் முடி கிடந்தால் பரவால்லீங்.
ரூமில் பதினொரு பேர், பரவால்லீங்.

வியாழக்கிழமை சிப்மெண்ட். ராத்திரி ஒம்பதரை.
ஊசி உடைகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் தெரியும்,
கடலைத் தொலி உடைகிற மாதிரி.
அதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது.
துண்டெல்லாம் தேடியெடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி,
செல்லோடேப் போட்டு ஒட்டிக் கையெழுத்து வாங்கணும்.
கடுகளவு குறைந்தாலும் லைனை ஓட்டக் கூடாது.
சூப்பர்வைசர் டார்ச் அடித்தார்.
காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் தடவினோம்.
முனை மட்டும் இல்லை.
"எங்கடா போச்சு?"

லக்கன் கையை மடியில் வைத்திருந்தான்.
"பரவால்லீங்" என்றான்.

வெள்ளைப் பனியனில் ஒரு சொட்டு.
பழக்க தோஷத்தில் என் கை அம்பை எடுத்து ஒட்டிவிட்டது.
ரத்தத்துக்கு டாலரன்ஸ் கிடையாது,
தாளிலேயே போட்டிருக்கு, பூஜ்யம்.
விரலுக்கு எவ்வளவு என்று
எந்தத் தாளிலும் போடவில்லை.

டாக்டர் எடுத்துக் கொடுத்த முனையைப்
பொட்டலமாய்க் கொண்டுவந்து நோட்டில் ஒட்டினார்கள்.
ஊசி முழுசாகிவிட்டது.
லைன் ஓடியது.

திங்கட்கிழமை கட்டோடு வந்தான்.
அந்தச் சொல்லை வைத்து அவனை விசாரிக்க
எனக்கு வாய் வரவில்லை.
"இப்பத் தேவலையா?" என்றேன்.
முழித்தான். இதில் அவன் ஊர்ப் பாதி இல்லை.
"தேவலைன்னா?"
"நேத்தைக்கு இன்னைக்கு கொஞ்சம்..." என்று ஆரம்பித்து
சொல்லத் தெரியாமல்
கையைப் படிப்படியாய் மேலே ஏற்றிக் காட்டினேன்.

விரலைப் பார்த்தான். மெசினைப் பார்த்தான்.
பிறகு
பர்வாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு
எங்கள் பாதியை மட்டும் திருப்பிக் கொடுத்தான்:

"இல்லீங்."

டீ வந்தது. சர்க்கரையே போடவில்லை.
யாரும் எதுவும் சொல்லாமல் குடித்தோம்.