ரெண்டு கிலோ கழிவு

கொழுந்து ஒரு நாளைக்கு மூன்று தரம் தராசு ஏறும்.
பிள்ளைக்காம்பராவில் என்னிடம் இருக்கும் இருபத்தொரு பேரும்
மாதத்துக்கு ஒரு தரம்,
அதுவும் மழை விட்டிருந்தால்,
மிட்வைஃப் மிஸ்ஸின் ஸ்கூட்டர்
மேமலை வளைவில் சறுக்காமல் ஏறினால்.

தொட்டில் ஒன்பது, பாய் பன்னிரண்டு,
தகரத்து ஓட்டைகளுக்குக் கீழே வாளி நான்கு.
இவ்வளவுக்கும் பொறுப்பு ஜெயசீலி, அதாவது நான்.

பத்து மணிக்குப் பால் கொடுக்க
ஓடிவருவாள் கவிதாமேரி.
இறங்கிவரப் பத்து நிமிடம்,
திரும்பப் பதினைந்து, ஏற்றம்.
நடுவில் பிள்ளைக்கு மிஞ்சுவது
ஒரு பக்க மார்பு.
மற்றது மலையில்
சட்டையை நனைத்துக்கொண்டிருக்கும்.
கிலோ எட்டாத நாள்
அவளுக்கு அரைப்பேர்.

அவள் மகன் அபினாஷுக்கு ஒன்றே கால் வயது.
அவன் புத்தகத்தில்
பச்சையில் தொடங்கிய கோடு
மஞ்சளைத் தாண்டிச் சிவப்புக்குள் இறங்கி நிற்கிறது,
பள்ளத்தில் விழுந்த பஸ்ஸைப் போல.
உள்ளே ஆள் இருக்கிறது.
மேலே ரோட்டில் நின்று
எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சுதாகரின் பெண்டாட்டி குவைத்தில்.
மூத்தவள் தர்மிலா, ஏழாம் வகுப்பு,
தம்பியை என் கையில் தந்த பிறகுதான்
பள்ளிக்கூடத்துக்கு இறங்குவாள்.
முதல் பாடம் முடிந்திருக்கும்.
வரவு இடாப்பு கூலிக்கணக்காக இருந்தால்
அவளுக்கும் அரைப்பேர்தான்.

ஆபீசுக்கு மூன்று கடிதம் எழுதினேன்.
முதலாவது கிடைக்கவில்லையாம்.
இரண்டாவதுக்கு, காசு ஒதுக்கவில்லையாம்.
மூன்றாவதை நேரில் கொடுத்தேன்.
"ஒங்க ஆளுங்களே சின்ன உடம்புதானே," என்றார்,
ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படியிறங்கும்போது என் உடம்பைப் பார்த்துக்கொண்டேன்.
ஆமாம், சின்னதுதான்.
இதைச் சின்னதாக்க
எத்தனை பேர் எத்தனை வருசம் பாடுபட்டிருக்கிறார்கள்.

வியாழன் அந்தி நிறுவை.
கொழுந்துச் சாக்கு ஒன்றை இரண்டு வெயிலில் காயவைத்து
உள்ளே என் சேலைத் துண்டை விரித்து
எல்லாப் பிள்ளைகளோடும் மடுவத்துக்குப் போனேன்.
வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள்.
அபினாஷைச் சாக்கில் இருத்திக்
கொக்கியில் மாட்டினேன்.
அவன் சிரித்தான்; ஊஞ்சல் என்று நினைத்திருப்பான்.

கணக்கப்பிள்ளை ஞானசேகரம் கெட்டவர் இல்லை.
இருபத்தாறு வருசம் தராசு பார்த்த கண்,
அதை எழுதிப் பழகிய கை.
முள்ளைப் பார்த்தார், வாய்விட்டுச் சொன்னார்:
"ஏழு இருநூறு.
கழிவு ரெண்டு.
அஞ்சு இருநூறு."
எழுதியும் விட்டார்.

தகரத்தில் மழை மட்டும் கேட்டது.

"சாக்குக்கும் ஈரத்துக்கும்னு
தெனமும் கழிச்சீங்க, சரி சார்,"
என்றாள் கவிதாமேரி.
"இதுல எதக் கழிச்சீங்க?"

பேனா நின்றது.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.
பிறகு புதுப்பக்கம் புரட்டி
"அடுத்த புள்ள" என்றார்.
இருபத்தொரு பேர்,
கழிவில்லாமல்.
கொழுந்து வாடுது என்று யாரோ முனக,
வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்,
"வாடட்டும்."

திங்கள் முதல் பகலுக்குப் பருப்பும் வல்லாரையும் வருகிறது.
ஒரு தகரம் மாற்றினார்கள், வாளி மூன்றாயிற்று.
பால் கொடுக்கும் நேரத்துக்குக் கூலி வெட்டக்கூடாது என்று கேட்டது
யோசனையில் இருக்கிறதாம்.
நான் நன்றி எழுதவில்லை.

அடுத்த மாதம் அபினாஷ் ஏழு நானூற்றைம்பது.
இருநூற்றைம்பது கிராம்:
இரண்டு கைப்பிடிக் கொழுந்துக்குக் கொஞ்சம் கூட.
கோடு இன்னும் சிவப்பில்தான்,
மூக்கை மட்டும் மேலே தூக்கியிருக்கிறது.

"அஞ்சு இருநூறு" என்ற அந்தப் பக்கத்தை
ஞானசேகரம் கிழிக்கவுமில்லை, வெட்டவுமில்லை.
நான் கேட்டதும் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தார்.
போட்டோ தெளிவாக வந்திருக்கிறது.

நாலாவது கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.