காலைக்கடன்

பல்லில் தொடங்கியது.
கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தையது.
பிடுங்கிப் பஞ்சை வைத்து
ஏழு நாளுக்கு மாத்திரை எழுதினார் பல் டாக்டர்.
நல்ல பிள்ளையாக விழுங்கினேன்.
பல்வலி போயிற்று.
ஒன்பதாம் நாள் வயிறு திறந்தது.

ஒரு பகலில் பதினான்கு முறை.
அதன்பிறகு எண்ணும் வேலையை எய்னார் ஏற்றுக்கொண்டான்,
துறைமுகத்தில் மீன்பெட்டி எண்ணிய பழக்கம்:
நாள்காட்டியில் நான்கு கோடு, குறுக்கே ஒன்று.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து
வீட்டைக் கொளுத்திய கதைதான்.
சாம்பலில் முதலில் முளைத்தது இது.
நீளமான பெயர், டிஃபிசில் என்று முடியும்.
கடினமானது என்று பொருளாம்.
கண்டுபிடித்தவர்களுக்கு
ஆய்வகத்தில் வளர்ப்பது கடினமாக இருந்ததாம்.
என்னிடம் அதற்கு ஒரு சிரமமும் இல்லை.

முப்பத்தோரு வருடம் ஓர்ஹூஸில் பேருந்து ஓட்டியவள் நான்.
எந்தக் கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை,
எதற்குச் சாவி கேட்கவேண்டும்,
எது ஞாயிறு பூட்டியிருக்கும்,
எல்லாம் அத்துப்படி.
ஓய்வுபெற்றபின் உதவாது என்று நினைத்த அறிவு.
இப்போது நகரமே அந்தப் புள்ளிகள்தான்.
நடுவிலிருந்த தெருக்களை
யாரோ சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

தனியறை. மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டுதான்
உள்ளே வருவார்கள்.
சுவரில் தொங்கும் சானிடைசர் இதன் வித்துகளிடம் பலிக்காது;
சோப்பு, தண்ணீர், தோல் சிவக்கத் தேய்த்தல்.
வீட்டில் எய்னார் பிளீச் ஊற்றித் துடைத்தான்.
நீலத்துண்டு வெளுத்தது. அவன் விரல்நுனியும்.
இரவில் தலையணையோடு அடுத்த அறைக்குப் போனான்,
கதவைத் திறந்தே வைத்தான்.

வான்கோமைசின் பத்து நாள். நின்றது.
கருப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றேன்.
பதினோராம் விடியலில் அதே வாடை.
குதிரைலாயம் என்றாள் ஒரு நர்ஸ்.
குதிரை வளர்க்கும் சிக்னே
முகம் சுளித்து மறுத்தாள்.
மறுபடி மருந்து, சிறிதுசிறிதாகக் குறைத்து, ஆறு வாரம்.
மறுபடி வாடை.

அடுத்த முறை டாக்டர்
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
"இன்னொருவருடையதை," என்று நிறுத்தினார்.
"உறையவைத்த குளிகைகளாக. விழுங்கலாம்."
எய்னார் சன்னலைப் பார்த்தான்.
பிறகு கேட்டான்: "என்னுடையது ஆகாதா?"
நாற்பத்திரண்டு வருட மணவாழ்வில்
அவன் என்னிடம் இவ்வளவு நெருங்கிப் பேசியதில்லை.
ஆகாதாம். வயது, அவன் மாத்திரைகள், ஏதேதோ.
மாலைவரை முகம் தூக்கிக்கொண்டிருந்தான்.

உங்கள் பெயரைச் சொல்லமாட்டார்கள்.
இரத்தம் பார்த்து, பயணம் விசாரித்து,
நிறையப் பேரைத் திருப்பியனுப்பியபின் தேறியவராம் நீங்கள்.
என் பேருந்தில் ஏறியிருக்கலாம்.
மழையில் கைகாட்டியும்
நான் நிற்காமல் போயிருக்கலாம்.
விடியலில் எழுந்து, சைக்கிள் மிதித்து,
ஊரெல்லாம் தண்ணீர் ஊற்றி மறப்பதை
மூடியிட்ட டப்பாவில் கொடுத்துவிட்டு
வேலைக்குப் போகிறவர்.

இருபத்தைந்து குளிகைகள், ஒரு குவளை ஆப்பிள் சாறு.
பதினேழாவதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சிக்னே பயந்துபோய் முதுகைத் தட்டினாள்.

ஐந்தாம் நாள்
எய்னாரைக் கூப்பிட்டேன்.
இருவரும் குனிந்து பார்த்தோம்,
பேரப்பிள்ளையைத் தொட்டிலில் பார்ப்பதுபோல.
கெட்டியாக, பழுப்பாக, ஒன்றே ஒன்று.
நாள்காட்டியில் ஒரு கோடு போட்டான்.
அன்று வேறு கோடு இல்லை.

காலைக்கடன்.
நீங்கள் கழித்தீர்கள்.
கடன் இப்போது என் கணக்கில்.
எங்கே கட்டுவது என்று கேட்டேன்,
சிக்னேக்கும் தெரியவில்லை.

நேற்றிலிருந்து
வலப்பக்கம் ஒரு பல் கூசுகிறது.
எய்னாரிடம் இன்னும் சொல்லவில்லை.